பால் டின்னில் ஓட்டை போட்ட நாள்

நோய் வந்து ஊரையே வீட்டுக்குள் பூட்டிப் போட்டிருந்த சமயம், ரஹாங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே ஒரு லோரி வந்து நின்றது. வீட்டுக்கு ஒரு பை கொடுத்தார்கள். அரிசி, சமையல் எண்ணெய், மாவு, சார்டின் டின். பையின் மேலே அச்சடித்த படத்தில் ஒரு பெரிய மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுப் பெண் தன் பையைத் தூக்கிக்கொண்டே கேட்டாள்.

"பாட்டி, இந்த மூஞ்சிக்கு ஓட்டு போடுவீங்களா?"

"பைய மடிச்சி வச்சா மூஞ்சியும் மடிஞ்சி போயிடுதும்மா," என்றேன்.

அவள் படியில் உட்கார்ந்து சிரித்தாள். நான் அப்படியெல்லாம் பட்டென்று பேசுகிறவள் இல்லை. முகத்தில் துணி கட்டியிருந்ததால் வாய்க்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்க வேண்டும்.

வீட்டுக்குள் வந்து சார்டின் டின்னைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேலேயும் ஓட்டை இல்லை, கீழேயும் ஓட்டை இல்லை. முழு டின். தனியாக நின்றிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டின்னை இப்படித் திருப்பிப் பார்க்கிற பழக்கம் எனக்கு அவசரகாலத்தில் வந்தது, வெள்ளைக்காரன் ஆட்சியில் காட்டுக்குள் சண்டை நடந்த காலம் அது. கவர்மெண்டு கொடுத்தால் ஜனங்கள் அதன் பக்கம் சாய்வார்களா என்று இப்போது எல்லாரும் டெலிவிஷனில் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்செல்லாம் புரியாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனால் கவர்மெண்டு என் கையில் ஒரு பெட்டிப் பால் டின்னைக் கொடுத்த கதை எனக்குத் தெரியும். அதைச் சொல்கிறேன்.

அப்போது நான் சுவா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தேன். கல்யாணம் கட்டி வந்த இடம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. ஒரே ஒரு கேட். காட்டுக்குள் கம்யூனிஸ்டுக்காரர்கள் இருந்தார்கள், அவர்களை நாங்கள் "உள்ளே இருக்கிறவங்க" என்போம். வேலிக்குள் இருந்தது நாங்கள்தான், இருந்தாலும் அவர்களுக்குத்தான் அந்தப் பெயர். அவர்கள் கைக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று கேட்டில் சோதனை நடக்கும். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு வாய்ச் சோறு கூட வேலிக்கு வெளியே கொண்டுபோக முடியாது. டின்னில் அடைத்த சாமான் எதுவாக இருந்தாலும், கடையிலேயே ஆணி அடித்து ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை போட்ட டின் கெட்டுப் போகும், காட்டுக்கு அனுப்ப முடியாது. அதுதான் சட்டம்.

அந்த வேலிக்குள்தான் என் மூத்த மகன் பிறந்தான். மாதம் நிறையாமலே பிறந்துவிட்டான். கையில் எடுத்தால் துணிதான் கனக்கும், பிள்ளை கனக்காது. எனக்கு மாமியார் இல்லை, அம்மா தூரத்தில். பக்கத்து வீட்டு அக்காதான் எல்லாம். அக்காவுக்கும் அதே சமயத்தில் ஒரு பெண் குழந்தை. அது பூசணிக்காய் மாதிரி உருண்டு கிடக்கும். லயத்துப் பெண்கள் பார்க்க வருவார்கள். அக்காவின் குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள், கண் பட்டுவிடும் என்று. என் மகனைப் பார்த்துவிட்டும் வாயை மூடிக்கொள்வார்கள். அது வேறு மாதிரி மூடுவது. எனக்கு வித்தியாசம் தெரியும்.

அவனை வளர்த்துக் காட்டியது நர்ஸம்மா. ரஹாங்கிலிருந்து வருவார். வேதக்காரர், கழுத்தில் சின்ன சிலுவை. புதன்கிழமை தோறும் சாம்பல் நிற வேன் ஒன்று செம்மண் ரோட்டில் குலுங்கிக்கொண்டு வந்து, நாங்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் நிற்கும். கொட்டகை உத்திரத்தில் தராசைக் கொக்கியில் மாட்டி, அதில் ஒரு துணித் தூளியைத் தொங்கவிடுவார். பிள்ளைகளை ஒவ்வொன்றாக அதில் போட்டு நிறுப்பார். மற்றப் பிள்ளைகள் வீறிட்டு அழும். என் மகன் அழக்கூட மாட்டான், கண்ணை மட்டும் உருட்டுவான்.

"இவன் பெரிய ஆபீசரு, அழ மாட்டாரு," என்பார் நர்ஸம்மா.

பால் மாவு கொடுப்பார். தண்ணியைக் கொதிக்க வைக்க வேண்டும், புட்டியை அவிக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். பிள்ளையைப் பஞ்சு வைத்துச் சுற்றச் சொன்னார். நான் சொன்னபடி செய்தேன். பால் வெட்டி வந்த கையோடு புட்டி அவிப்பேன். ஒவ்வொரு புதனும் தராசு முள் கொஞ்சம் தள்ளி நிற்கும். நர்ஸம்மா என் பக்கம் திரும்பி ஒரு தலையாட்டு ஆட்டுவார். அந்தத் தலையாட்டு போதும், அடுத்த புதன் வரைக்கும் எனக்கு.

அப்படி இருக்கும்போது உள்ளே இருக்கிறவர்கள் ரோட்டில் ஒரு லோரியை நிறுத்தி எரித்துவிட்டார்கள். ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த புதன் நர்ஸம்மா வந்தபோது முகம் வாடியிருந்தது. தூளியைக் கட்டிக்கொண்டே மெல்லச் சொன்னார்.

"இங்க வரதுக்கு இனிமே கூட ஆள் அனுப்பணுமாம். துப்பாக்கியோட. இந்தத் தோட்டத்துக்கு அவ்வளவு பாடு பட வேணுமான்னு மேல யோசிக்கிறாங்க."

"ஏன் மிஸ்ஸி, நாங்க என்ன பண்ணோம்?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் பண்ணலியாம். அதுதான் குத்தமாம்."

விஷயம் இதுதான். தகவல் இலாகாவிலிருந்து ஒரு ஐயா எங்கள் தோட்டத்துக்கு வந்து போவார். டவுனில் பிறந்து வளர்ந்த தமிழர். வெள்ளைக் கால்சட்டை, ஒலிபெருக்கி வைத்த லோரி. பந்து விளையாடுகிற திடலில் திரை கட்டிப் படம் காட்டுவார். படத்துக்கு முன்னால் பேசுவார். முதல் தடவை வந்தபோது "அன்பான தோட்டத் தோழர்களே" என்று ஆரம்பித்துவிட்டு, அது காட்டுக்குள் இருக்கிறவர்களின் பேச்சு என்று ஞாபகம் வந்து, "சகோதரர்களே" என்று மாற்றினார். நாங்கள் அதிலிருந்து அவருக்குத் 'தோழர் ஐயா' என்று பெயர் வைத்துவிட்டோம். அவர் காதில் விழாமல்தான்.

தோழர் ஐயா குழாய்த் தண்ணி போட்டுக் கொடுத்ததைச் சொல்வார். நர்ஸ் வருவதைச் சொல்வார். படம் காட்டுவதைச் சொல்வார். "அரசாங்கம் உங்கள் பக்கம் நிற்கிறது. நீங்கள் யார் பக்கம்?" என்று கேட்பார். எல்லாரும் திரையைப் பார்த்தபடி இருப்போம். படம் எப்போது ஆரம்பிக்கும் என்று யாராவது கேட்பார்கள். அவருக்குக் கோபம் கோபமாக வரும். அவர் மேலேயும் தப்பில்லை, பாவம். அவருக்கு மேலே இருக்கிறவர்கள் அவரிடம் கேட்பார்களே.

அதனால் புதிதாக ஒன்று யோசித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை குழந்தைப் போட்டி. நன்றாக வளர்ந்த குழந்தைக்குப் பரிசு. ஒரு வெள்ளைக்கார தொரசாணி வந்து பார்த்துத் தேர்ந்தெடுப்பார். ஜனங்கள் திரளாக வந்து, சந்தோஷமாகக் கலந்துகொண்டால், இந்தத் தோட்டம் கவர்மெண்டு பக்கம் என்று அர்த்தம், வேன் தொடர்ந்து வரும். வராவிட்டால், வேன் புக்கிட் பெலண்டோக் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போகும்.

நர்ஸம்மா இதைச் சொல்லிவிட்டு என் மகனைத் தூளியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். "இன்னும் கொஞ்ச நாளைக்கு இவன நான் பாக்கணும்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்று சாயங்காலம் லயத்து வாசலில் பெரிய பேச்சு. ஆண்கள் ஒரு பக்கம் குந்தியிருந்தார்கள்.

"போனா கவர்மெண்டு ஆளுன்னு உள்ள இருக்கிறவன் நெனப்பான்," என்றார் எங்கள் வீட்டுக்காரர். "போகலன்னா உள்ள இருக்கிறவன் ஆளுன்னு கவர்மெண்டு நெனக்கும்."

"அப்ப நாம யாரு ஆளுடா?" என்றார் அக்காவின் புருஷன்.

"நாம புள்ளைங்க ஆளு," என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "நர்ஸம்மா வரணும், அதுக்கு நாங்க போறோம். நீங்க வந்தா வாங்க, வராட்டி சோத்த வடிச்சி வையிங்க."

ஆண்கள் அடங்கிவிட்டார்கள். ஆனால் பெண்களுக்கு வேறு கவலை. சபை நடுவில் பிள்ளையைத் தூக்கிக் காட்டி, இதுதான் கொழுகொழு என்று சொல்ல வைப்பதா? எந்தத் தாய் சம்மதிப்பாள்? பரிசு வாங்கின அன்றைக்கே பிள்ளை பால் குடிக்காமல் படுத்துவிடும். தோழர் ஐயா டவுனில் படித்தவர். அவருக்கு இது தோன்றவே இல்லை.

"எல்லாரும் போவோம்," என்றாள் அக்கா. "ஆனா எவ புள்ளையும் ஜெயிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

எல்லாரும் சரி என்றார்கள். நான் மட்டும் புட்டி அவிக்க எழுந்து போனேன்.

ஞாயிற்றுக்கிழமை திடலில் பந்தல் போட்டிருந்தது. கலர்க் காகிதம் கட்டியிருந்தார்கள். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி ஐயா கழுத்துப்பட்டை கட்டி நின்றார். கேட்டில் காவல் நிற்கிற மலாய்க்கார கான்ஸ்டபிள் பையன் அன்றைக்கு மேடைக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு நின்றான். தொரசாணி தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் பரிசு: ஒரு பெரிய பெட்டி நிறைய இனிப்புப் பால் டின். தோழர் ஐயா கூட்டத்தைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. தோட்டமே வந்திருந்தது. நாய்கள் உள்பட.

பிள்ளைகளை வரிசையாகத் தூக்கிக்கொண்டு நின்றோம். அப்புறம்தான் தொரசாணி கிட்டே வந்து பார்த்தார்.

ஒவ்வொரு தாயும் தன் வீட்டில் தனியாக யோசித்து மை வைத்திருக்கிறாள். ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். நெற்றியில் ஒரு பொட்டு போதாது என்று கன்னத்தில் ஒன்று, மோவாயில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று. ஒருத்தி மூக்கிலேயே வைத்துவிட்டாள். அக்காவின் பெண்ணுக்கு முகத்தில் இடமே இல்லை. அதோடு கிழிந்த சட்டை, எண்ணெய் தேய்க்காத தலை. ஒருத்தி பிள்ளைக்கு அடுப்புச் சாம்பலையே பூசி வந்திருந்தாள்.

தொரசாணி ரெண்டு அடி பின்னால் போனார். இங்கிலீஷில் படபடவென்று ஏதோ சொன்னார். தோழர் ஐயா வெளிறிப் போய் நர்ஸம்மாவைப் பார்த்தார்.

"தோட்டம் முழுக்க தோல் வியாதியான்னு கேக்குறாங்க."

நர்ஸம்மா திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு முகத்தைச் சரி பண்ணிக்கொண்டு வந்து, ஒரு குழந்தையின் கன்னத்தை விரலால் தேய்த்து, விரலைத் தொரசாணிக்குக் காட்டினார். மை. தொரசாணிக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் அவரும் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு சிரித்தார்.

அதற்கப்புறம் தோழர் ஐயா ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தாயிடமும் வந்தார். அரசாங்கத்தால் பிள்ளை எப்படி வளர்ந்தது என்று அவள் வாயால் சொல்ல வைக்க வேண்டும் அவருக்கு.

"சொல்லுங்கம்மா, குழந்தை நல்லா இருக்கா?"

"எங்கங்க நல்லா இருக்கு? எதுவுமே சாப்பிடாது," என்றாள் முதல் பெண். அவள் இடுப்பில் இருந்த பையன் ரெண்டு கையிலும் முறுக்கு வைத்திருந்தான்.

"ஒரே இருமல்," என்றாள் அடுத்தவள்.

"எனக்குப் பொறந்ததுலயே இதுதான் நோஞ்சான்," என்றாள் அக்கா. அந்தப் பூசணிக்காயைத் தூக்கிப் பிடிக்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னாள்.

கூட்டத்தில் ஆண்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தோழர் ஐயாவுக்கு வேர்த்துவிட்டது. குழாயும் நர்ஸும் பால் மாவும் கொடுத்து, கடைசியில் பிள்ளைகள் எல்லாம் நோஞ்சான் என்று ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருக்கிறது. தொரசாணி எழுதிக்கொண்டிருக்கிறார். இந்தத் தோட்டம் கவர்மெண்டை அவமானப்படுத்திவிட்டது என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. வேன் போய்விடும். புதன்கிழமை கொட்டகையில் தூளி தொங்காது.

அடுத்தது நான்.

என் மகனுக்கும் நான் வீட்டில் பொட்டு வைத்துத்தான் தூக்கி வந்தேன். ஆனால் வரிசையில் நிற்கும்போது புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். அவனை யாராவது ஒருத்தர் பார்த்து நல்லா இருக்கான் என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. அதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை. கண் பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும், பட்டு இறங்குவதற்கு அவனிடம் இப்போது கொஞ்சம் சதை இருக்கிறது என்று நினைத்தேன். வெள்ளைச் சட்டை, தலைக்கு எண்ணெய், சுத்தமான முகம். அந்த வரிசையில் அவன் ஒருத்தன்தான் பிள்ளை மாதிரி இருந்தான்.

நர்ஸம்மா தொரசாணியிடம் குனிந்து ஏதோ சொன்னார். கையை விரித்துக் காட்டினார், பிறந்தபோது இவ்வளவு என்று. தொரசாணி எழுந்து வந்து அவன் தொடையைப் பிடித்துப் பார்த்தார். அவன் அவருடைய தொப்பியைப் பிடித்து இழுத்தான். விடவே இல்லை. தொரசாணி என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். எனக்குப் புரியாத பாஷை. ஆனால் அது நல்ல வார்த்தை.

"முதல் பரிசு!" என்று தோழர் ஐயா கத்தினார். விட்டால் போதும் என்று இருந்தது அவருக்கு. ஒலிபெருக்கியை என் வாய்க்கு முன்னால் நீட்டினார். "அம்மா, சபைக்குச் சொல்லுங்கள். இந்தக் குழந்தையை இப்படி வளர்த்தது யார்?"

நான் எங்கள் வீட்டுக்காரரிடமே நிமிர்ந்து பேசாதவள். கூட்டம் ஆயிரம் பேர் மாதிரித் தெரிந்தது எனக்கு. தோழர் ஐயா உதட்டை அசைத்துக் காட்டினார், சொல்ல வேண்டிய பதிலை. நான் அவர் உதட்டைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்த்தேன்.

"நான்தாங்க," என்றேன்.

ஒலிபெருக்கியில் என் குரல் எங்கேயோ ரப்பர் ஸ்டோர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. ஜனங்கள் கொல்லென்று சிரித்தார்கள். நான் பயந்துபோய், சிரிப்பை நிறுத்த வேண்டுமே என்று இன்னும் பேசினேன்.

"நர்ஸம்மா சொல்லிக் கொடுத்தாங்க. நான் செஞ்சேன். அவங்க வராம போயிட்டா அடுத்த புள்ளைக்கு எனக்குச் சொல்ல ஆளு இல்ல. வேன எங்கயும் அனுப்பிடாதீங்க ஐயா."

அவ்வளவுதான் பேசினேன். என் வாழ்நாளில் நான் ஒலிபெருக்கியில் பேசியது அவ்வளவுதான்.

யாரோ கை தட்டினார்கள். பார்த்தால் எங்கள் வீட்டுக்காரர். அப்புறம் அக்காவின் புருஷன். அப்புறம் திடல் முழுக்க. பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தட்டினார்கள். தோழர் ஐயா அந்தத் தோட்டத்தில் கேட்ட முதல் கைதட்டல் அது. அவர் மெல்லத் தலை குனிந்து அதைத் தனக்கென்று வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொள்ளட்டுமே, என்ன குறைந்துவிடப் போகிறது.

பரிசுப் பெட்டியைத் தூக்கி என்னிடம் கொடுக்க வந்தார். அப்போது கான்ஸ்டபிள் பையன் குறுக்கே வந்தான்.

"துவான்," என்றான் மரியாதையாக. பெட்டியைக் காட்டினான். டின்னில் ஓட்டை இல்லை என்று மலாயில் சொன்னான்.

"இது பரிசுப்பா," என்றார் தோழர் ஐயாவும் மலாயில். "கவர்மெண்டு பரிசு."

"சட்டமும் கவர்மெண்டு சட்டம்தானே துவான்," என்றான் அவன். குரலில் குறும்பு இல்லை. நல்ல பையன். கேட்டில் எங்கள் தலைப்பாகைகளைக் கூட அவிழ்க்கச் சொல்கிறவன், யாருக்கும் விதிவிலக்கு கிடையாது.

தோழர் ஐயா கிராணியைப் பார்த்தார். கிராணி வானத்தைப் பார்த்தார். தொரசாணி என்னவென்று கேட்டார், தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். சட்டத்தை மேடையிலேயே மீறினால் நாளைக்கு எந்தக் கடைக்காரன் மதிப்பான்? கடைசியில் கடையிலிருந்து ஆணியும் சுத்தியலும் வந்தன. மேடையில் வைத்து, ஒவ்வொரு டின்னாக எடுத்து, டக், டக், ஓட்டை போட்டான் அந்தப் பையன். டின்னுக்கு ரெண்டு ஓட்டை. பால் கெட்டியாக ஒழுகி மேசைத் துணியில் இறங்கியது. பிள்ளைகள் மேசைக்குக் கீழே போய் விரலை நீட்டின. நாய்கள் வந்தன. எறும்புக்கு யார் சொல்லி அனுப்பினார்களோ, அதுவும் வந்தது.

"இத்தனையையும் வச்சிக்கிட்டு என்னடி பண்ணப் போற?" என்று அக்கா கேட்டாள். "நாளைக்கு எறும்புதான் குடிக்கும்."

எனக்கும் அதுதான் யோசனை. எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"பாயசம் காச்சிடலாம்க்கா," என்றேன்.

திடலிலேயே மூன்று கல் வைத்தார்கள். கோயில் அண்டா வந்தது. கடைக்காரர் ஜவ்வரிசியை இருக்கிறதெல்லாம் கொட்டிக் கொடுத்தார். யார் வீட்டிலோ ஏலக்காய். டின்களைக் கவிழ்த்துக் கவிழ்த்து ஊற்றினோம். ஓட்டை சின்னது, பால் நூலாக இறங்கும், அதற்குள் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துச் சிரித்து, கை வலித்ததுதான் மிச்சம். கிராணி ஐயா கழுத்துப்பட்டையை அவிழ்த்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு விறகு தள்ளினார். தொரசாணி ஒரு கிளாஸ் குடித்துவிட்டு இன்னொரு கிளாஸ் நீட்டினார். தோழர் ஐயா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி மூன்று தரம் குடித்தார்.

கான்ஸ்டபிள் பையன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு தள்ளி நின்றான். அக்கா ஒரு கிளாஸை அவனிடம் கொண்டுபோய், "இந்தா தம்பி, குடி. இதுல ஓட்டை போட முடியாது," என்றாள். அவனுக்குத் தமிழ் புரியாது. ஆனாலும் சிரித்தான்.

அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் பெண்ணின் முகத்து மையை எச்சில் தொட்டுத் துடைத்தாள்.

"நீ பொட்ட அழிச்சத நான் பாத்துட்டேன்டி," என்றாள்.

நான் மகனின் சட்டையை இழுத்துச் சரி செய்தேன்.

"ஒண்ணும் ஆகாது. அவன் பரிச தோட்டமே குடிச்சிடுச்சில்ல. இனி எவ கண்ணு வைக்கப் போறா? வச்சா அவ வயித்துப் பாலுக்கே வைக்கணும்." என் மகனின் கன்னத்தைக் கிள்ளினாள். "நல்லாத்தான் இருக்கான், கள்ளப் பய."

அன்று எனக்குப் பாயசத்தின் ருசி தெரியவில்லை. வாய் முழுக்க அந்த வார்த்தைதான் இருந்தது.

புதன்கிழமை வந்தது. பால் வெட்டி முடித்து ஓடி வந்தேன். கொட்டகைக்கு முன்னால் பெண்கள் எல்லாரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் தூசி தெரிந்தது, பிறகு சாம்பல் நிறம். துப்பாக்கிக்காரர்கள் இல்லாமல் வேன் மட்டும் வந்தது. நர்ஸம்மா இறங்கி, "உங்க தோட்டம் நூத்துக்கு நூறு கவர்மெண்டு பக்கம்னு உங்க ஐயா எழுதிக் கொடுத்துட்டாரு," என்றார். "பாயசம் குடிச்ச கையோட எழுதியிருக்காரு போல."

பெண்கள் சிரித்தார்கள். சாயங்காலம் இதை எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "நூத்துக்கு நூறா? பரவால்ல லா," என்றார்.

தோழர் ஐயா பிறகு வந்து படம் காட்டியபோது, காட்டுக்குள் இருப்பவர்களைப் பற்றி யாருக்காவது ஏதாவது தெரிந்தால் தன்னிடம் வந்து சொல்லலாம் என்றார். எல்லாரும் அன்பாகத் தலையாட்டினார்கள். சிலர் அவருக்கு நாற்காலி போட்டார்கள், ஒருத்தர் தேத்தண்ணி கொண்டுவந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. படம் நன்றாக இருந்தது.

அப்புறம் மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை. விடிந்ததும் பால் வெட்டப் போன ஆண்கள், ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பெரிய மரம் வெட்டிச் சாய்த்திருப்பதைப் பார்த்தார்கள். உள்ளே இருக்கிறவர்களின் வேலை. மரத்தை நகர்த்தினால் அவர்களுக்குக் கோபம் வரும். நகர்த்தாமல் இருந்தால் போலீசுக்குக் கோபம் வரும். வழக்கமாக அப்படி மரம் கிடந்தால் பார்க்காத மாதிரி தாண்டி வேலைக்குப் போய்விடுவார்கள். நான் வேறு மர வரிசையில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். விஷயம் காதில் விழுந்ததும் அன்றைக்கு வேன் வராது என்றுதான் நினைத்தேன்.

மத்தியானம் வேன் வந்தது. கண்ணாடியில் பச்சை இலை ஒட்டிக்கொண்டிருந்தது. ரெண்டு பக்கமும் கிளை உரசிய கீறல். நர்ஸம்மா இறங்கும்போது தலையில் ஒரு குச்சி.

வெகுநேரம் கழித்துத் தோழர் ஐயா நடந்து வந்தார். வெள்ளைக் கால்சட்டை முழங்கால் வரைக்கும் செம்மண். அவருடைய லோரி மரத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டதாம். ஆண்கள் வேலை முடிந்து குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர் நேராக அங்கே போனார்.

"மரத்தை யாரோ அறுத்து ஒரு பக்கமாக இழுத்துப் போட்டிருக்கிறார்கள்," என்றார். "நல்ல காரியம். ஆனால் இவ்வளவு நகர்த்தியவர்கள் இன்னும் ஒரு முழம் நகர்த்தியிருக்கக் கூடாதா? என் லோரியும் வந்திருக்குமே."

எங்கள் வீட்டுக்காரரின் சட்டைத் தோளில் மரப்பட்டைத் தூள் அப்பியிருந்தது. அவர் அதைத் தட்டிவிடாமலே முகம் கழுவினார்.

"வேனுக்கு அது போதுமே ஐயா," என்றார்.

தோழர் ஐயா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து தன் கால்சட்டையைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. குழாயடியிலேயே உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் கால் கழுவ ஆரம்பித்தார். அக்காவின் புருஷன் அவருக்குத் தண்ணி ஊற்றினார்.

கொட்டகைக்குள் நர்ஸம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஓடினேன். என் மகனைத் தூளியில் போட்டார். உத்திரம் கிரீச்சென்றது. அவன் முதல் தடவையாக, மற்றப் பிள்ளைகளைப் போலவே, தொண்டை கிழிய அழுதான். கால் ரெண்டையும் உதைத்துக்கொண்டு, லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதான்.

"அப்பாடி," என்று காதைப் பொத்திக்கொண்டார் நர்ஸம்மா. "இப்பதான்டா நீ ஆளாகியிருக்க."